ஓட்டிசம்: காணாமல் போகாத பிள்ளையைத் தேடுதல்

2022 மார்ச் மாதம். பெற்றோல் வரிசைகள் நீளத் தொடங்கியிருந்த நாட்கள். வைத்தியசாலைக்குப் போய்வர ஓட்டோக்காரர் வழமையைவிட இரண்டு மடங்கு கேட்டார். பேரம் பேசவில்லை. அந்தத் திகதியைத் தவறவிட்டால் அடுத்த திகதி கிடைக்க மாதக்கணக்காகும். என் மகனுக்கு அப்போது மூன்று வயதும் எட்டு மாதமும். வைத்தியரின் அறையில் கிடந்த விளையாட்டுக் காரை எடுத்துத் தலைகீழாகப் பிடித்து, அதன் ஒரு சில்லை மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். வைத்தியர் அவனுக்கு முன்னால் நிலத்தில் இருந்து பந்தை உருட்டினார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார், என்னிடம் நிறையக் கேள்விகள் கேட்டார். கடைசியில் தன் கதிரைக்குத் திரும்பி, ஆறுதலாகத்தான் சொன்னார்.

நான் குறிப்பெடுத்தேன். செய்தியாளர் பழக்கம், யார் எதைச் சொன்னாலும் கை தன்பாட்டில் எழுதும். வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறந்து பார்த்தபோது அந்தப் பக்கத்தில் 'ஓட்டிசம்' என்ற சொல் மூன்று தரம் எழுதப்பட்டிருந்தது. வேறொன்றும் இல்லை.

அந்தச் சொல்லைக் கேட்டதும் அம்மா என்னிடம் கேட்ட முதற் கேள்வி இதுதான்: "அந்த நேரம் நீ சாப்பாடு தண்ணியில்லாமல் கிடந்தனி. அதாலயோ பிள்ளை?"

அந்த நேரம் என்றால் 2009. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பங்கருக்குள் கிடந்ததும், கஞ்சிக்கு வரிசையில் நின்றதும், பிறகு செட்டிகுளம் முகாமும் எல்லாம் உண்மைதான். ஆனால், மகன் பிறந்தது 2018 ஜூலையில். ஒன்பது வருடங்களுக்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு அந்தப் பட்டினி எப்படிக் காரணமாகும் என்று நான் அம்மாவிடம் திருப்பிக் கேட்கவில்லை. ஏனென்றால், வரும் வழியில் ஓட்டோவுக்குள் அதே கேள்வியை நானே என்னிடம் கேட்டு முடித்திருந்தேன். எங்களுடைய ஊர்களில் எந்த வருத்தத்துக்கும் முதற் காரணம் யுத்தம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். அதனால்தான் அது பொருந்தாத இடத்திலும் எங்களால் அதை விடமுடிவதில்லை.

இந்தக் கட்டுரையை அப்படிக் கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன். நான் வைத்தியரல்ல. ஊடகக் கற்கை படித்தவள். மகனின் பெயரையும் பாடசாலையின் பெயரையும் எழுதவில்லை. ஒருநாள் அவன் இதை வாசிக்கக்கூடும்.

ஓட்டிசம் ஒரு நோயல்ல, மூளை வளரும் விதத்தில் உள்ள ஒரு வேறுபாடு. மற்றவர்களோடு தொடர்பாடுவது, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, சத்தம் வெளிச்சம் தொடுகை போன்றவற்றை உணர்வது ஆகியவற்றில் அந்த வேறுபாடு தெரியும். ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் இடையே இது மலைக்கும் மடுவுக்கும் போல வேறுபடும் என்பதால்தான் 2013இல் வைத்தியர்கள் முன்பிருந்த பல பெயர்களைச் சேர்த்து ஒரே நிறமாலை என்று அழைக்கத் தொடங்கினார்கள். தமிழில் மதியிறுக்கம், தற்புனைவு ஆழ்வு என்றெல்லாம் எழுதுகிறார்கள். மதியிறுக்கம் என்ற சொல்லை என்னால் ஏற்கமுடியவில்லை. என் மகனின் மதியில் எந்த இறுக்கமும் இல்லை. ஆகவே கிளினிக்கில் எல்லோரும் சொல்வதுபோல ஓட்டிசம் என்றே எழுதுகிறேன்.

இது அரிதான ஒன்றுமல்ல. உலகில் ஏறக்குறைய 127 பேருக்கு ஒருவர் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு. இலங்கையின் அரை நகர்ப்புறப் பகுதியொன்றில் 18 முதல் 24 மாத வயதுடைய பிள்ளைகளிடம் செய்யப்பட்டு 2009இல் வெளியான ஆய்வொன்று 93 பிள்ளைகளுக்கு ஒருவர் என்று கண்டது. சிறிய ஆய்வுதான், 374 பிள்ளைகள். ஆனாலும், எங்கள் கிராமத்தின் முன்பள்ளிகளை ஒரு சுற்றுச் சுற்றினால் என் மகன் தனியாள் இல்லை என்று விளங்கிக்கொள்ள அது போதும்.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். தாயைக் குற்றஞ்சாட்டுவது எங்கள் ஊரின் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன். இல்லை. 1943இல் லியோ கானர் என்ற வைத்தியர் அமெரிக்காவில் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஓட்டிசம் முதன்முதல் தனியொரு நிலையாக விவரிக்கப்பட்டது. அடுத்த இருபது வருடங்களுக்கு மேலாக, பிள்ளை இப்படி ஆனதற்குப் பாசமில்லாத, குளிர்ந்துபோன தாய்தான் காரணம் என்ற கருத்து அங்கே கோலோச்சியது. அதை மிகவும் பிரபலப்படுத்தியவர் புரூனோ பெற்றல்ஹைம். அவர் 1938-39இல் நாஜிகளின் டகாவ், புக்கன்வால்ட் முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தவர். ஓட்டிசப் பிள்ளைகளை முகாம் கைதிகளோடு ஒப்பிட்டு அவர் எழுதினார். அதை வாசித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. முகாமில் இருந்த ஒருவர் பிறகு பார்த்த இடமெல்லாம் முகாமைக் கண்டிருக்கிறார். எனக்குத் தெரிந்த பலர் அப்படி இருக்கிறார்கள், நானும் அதில் ஒருத்தி. ஆனால், அவர் பிழை. அந்தப் பிழையைச் சுமந்தவர்கள் ஆயிரக்கணக்கான தாய்மார்.

அதை உடைத்தவர்களில் முக்கியமானவர் பேர்னாட் றிம்லாண்ட், ஓட்டிசமுள்ள ஒரு மகனின் தகப்பன். ஓட்டிசம் உடலியல் சார்ந்தது, வளர்ப்பால் வருவதல்ல என்று 1964இல் புத்தகம் எழுதினார். 1977இல் இரட்டையர்களிடம் செய்யப்பட்ட ஆய்வு பரம்பரைக் காரணியைக் காட்டியது. 2019இல் ஐந்து நாடுகளில் இருபது இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு, பிள்ளைகளுக்கிடையில் இந்த வேறுபாடு ஏற்படுவதில் ஏறக்குறைய 80 வீதம் மரபணுக்களால் வருவது என்று மதிப்பிட்டது. பெற்றோரின் வயது, கர்ப்ப காலச் சிக்கல்கள் போன்றவற்றுக்குச் சிறிய பங்கு இருக்கலாம். தாய் அழுதாள், வேலைக்குப் போனாள், பிள்ளையைத் தூக்கவில்லை என்பதால் ஓட்டிசம் வருவதில்லை. தடுப்பூசியாலும் வருவதில்லை. அப்படிச் சொன்ன 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை அதை வெளியிட்ட சஞ்சிகையே 2010இல் மீளப்பெற்றுவிட்டது. டென்மார்க்கில் ஆறரை இலட்சம் பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வும் 2019இல் தொடர்பில்லை என்றது. கைபேசி கொடுத்ததாலும் வருவதில்லை. இதைச் சொல்லும்போது என் மாமி இன்னும் நம்பாத பார்வைதான் பார்ப்பார்.

யுத்தம் ஓட்டிசத்தை உண்டாக்கவில்லை. ஆனால், அதை நாங்கள் பிந்திக் கண்டுகொள்ள அது ஒரு காரணமாக இருந்தது. அனுபவமுள்ள ஒருவரால் இரண்டு வயதளவிலேயே இதை உறுதியாகச் சொல்லமுடியும். எங்களுக்கு மேலதிகமாக ஒன்றரை வருடம் எடுத்தது. கொரோனா முடக்கத்தால் கிளினிக் குழம்பியது பாதிக் காரணம். மீதி, பிள்ளை கதைக்காவிட்டால் 'பயந்து போனான்' என்று சொல்லும் எங்கள் பழக்கம். ஷெல்லுக்குப் பயந்து பேச்சு நின்ற பிள்ளைகளை எங்கள் சனம் கண்டிருக்கிறது. ஆகவே, கதைக்காத பிள்ளை என்றால் நாவூறு கழிப்பது, பார்வை பார்ப்பது, நூல் கட்டுவது. நாங்களும் கட்டினோம். "ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் கதைக்கும்", "இவன்ர சித்தப்பா நாலு வயதிலதான் வாய் திறந்தவர்" என்ற ஆறுதல்கள் வேறு. அதற்குள் கைபேசியைப் பார்த்து ஆங்கிலத்தில் ஒன்றிலிருந்து நூறு வரை சொன்னான். நிறங்களைச் சொன்னான். "கெட்டிக்காரன், பிறகென்ன?" என்றார்கள். தண்ணீர் வேண்டும் என்று சொல்லத் தெரியாதவன் மஞ்சளை ஆங்கிலத்தில் சொல்கிறானே என்று எனக்கு உள்ளே உறுத்தியது. உறுத்தலோடு பேசாமல் இருந்தேன்.

பேச்சை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததுதான் எங்கள் தவறு. பேச்சுக்கு முன்னால் வரவேண்டிய ஒன்று இருக்கிறது. ஒரு வயதுப் பிள்ளை வேலியில் இருக்கும் காகத்தைக் கண்டால் விரலை நீட்டும், பிறகு திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும். காகம் அதற்கு வேண்டாம். 'நீயும் பார்க்கிறாயா?' என்பதுதான் அந்த விரல். அதைப்போலவே நீங்கள் நிலாவைக் காட்டினால் உங்கள் விரலைப் பார்க்காமல் நிலாவைப் பார்க்கும். என் மகன் இதைச் செய்யவில்லை. அவன் செய்தது வேறு: என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பிரிட்ஜின் கதவில் வைப்பான். முகத்தைப் பார்க்கமாட்டான். ஒரு திறப்பைப்போல என் கையைப் பாவிப்பான். இதை நான் வீட்டுக்கு வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். வேண்டியதைக் கேட்பதும், கண்டதைக் காட்டுவதும் இரண்டு வேறு விடயங்கள் என்று எனக்குத் தெரியாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாததும் அப்படித்தான். காது கேட்காதோ என்று பரிசோதித்தோம். அது செய்யவேண்டிய முதற் பரிசோதனை, கட்டாயம் செய்யுங்கள். காது நன்றாகக் கேட்டது. இரண்டு அறைக்கு அப்பால் பிஸ்கற் பைக்கற் உடைக்கும் சத்தத்துக்கு ஓடிவருகிறவன் அவன்.

பிள்ளையின் கிளினிக் கொப்பியில் வயதுக்கு வயது என்னென்ன செய்யவேண்டும் என்று எழுதப்பட்டிருக்கிறது. நிறையைக் குறிக்கும் பக்கத்தைத்தான் நாங்கள் எல்லோரும் திறந்து பார்க்கிறோம். மற்றப் பக்கத்தையும் பாருங்கள். உறுத்தினால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், 'பொறுத்துப் பார்ப்பம்' என்ற பதிலோடு வீட்டுக்கு வராதீர்கள்.

ஓட்டிசமுள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினர் முதலில் சில சொற்களைச் சொல்லிவிட்டு, ஒன்றரை வயதளவில் அவற்றை இழக்கிறார்கள். என் மகனும் அப்படி. பதினான்கு மாதத்தில் 'அம்மா' என்றான், காகத்துக்குக் 'கா' என்றான். பிறகு நின்றுவிட்டது. கைபேசியில் அந்த நாட்களின் வீடியோக்கள் இருந்தன. வைத்தியர் சொன்ன நாளிலிருந்து ஒவ்வோர் இரவும் எல்லோரும் படுத்த பிறகு அவற்றைப் பார்த்தேன். எந்த நாளில் மாறினான், எந்தக் காய்ச்சலுக்குப் பிறகு, எந்த வீடியோவில் கண் கடைசியாக என்னைப் பார்த்தது என்று தேடினேன். திகதி போட்டுக் குறிப்பும் எடுத்தேன்.

ஓர் இரவு தண்ணீர் குடிக்க எழும்பிய அம்மா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால், அவர் நின்ற இடத்துக்கு மேலே சுவரில் அண்ணாவின் படம். 2009 மே மாதத்துக்குப் பிறகு அண்ணாவைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கியபோது அம்மாவும் போய் இருந்தார். நான் அங்கே போய்ச் செய்தி எழுதினேன். தாய்மார் படத்தைப் பார்க்கும் விதம் எனக்கு மனப்பாடம். படத்தில் இருப்பவன் திரும்பி வந்தால் இப்போது என்ன வயது, எப்படி இருப்பான் என்று கணக்குப் பார்க்கும் ஒரு பார்வை அது. அன்றிரவு என் மகனை நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று விளங்கியது. அவனோ பக்கத்து அறையில், பாயில், காலைத் தூக்கிச் சுவரில் போட்டபடி நித்திரையாக இருந்தான்.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. 'தெளிவற்ற இழப்பு' என்று சொல்லலாம். அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ் 1970களில் உருவாக்கிய கருத்து. யுத்தத்தில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களிடமிருந்து தொடங்கியவர் அவர். ஆள் இல்லை, ஆனால் மனதில் இருக்கிறார். சடங்கு செய்யமுடியாது, துக்கத்தை முடிக்கமுடியாது. அதன் மறுபக்கத்தையும் அவர் சொன்னார்: ஆள் முன்னால் இருக்கிறார், ஆனால் அவரை இழந்துவிட்டதாக மனம் உணர்கிறது. நினைவு மறந்த முதியவர்களின் குடும்பங்களைப்போல. 2007இல் வெளியான ஆய்வொன்று இதை ஓட்டிசப் பிள்ளைகளின் தாய்மாரிடம் பொருத்திப் பார்த்தது. வெளிநாட்டுத் தாய்மார் இதைப் புத்தகத்தில் வாசித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எங்களுக்கு இது வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

அதனாலேயே எங்களுக்கு ஓர் ஆபத்தும் இருக்கிறது. தேடுவதற்கு நாங்கள் பழகியவர்கள். தேடுவதை நிறுத்துவது துரோகம் என்று பழகியவர்கள். அண்ணாவின் விடயத்தில் அது சரி. அவருக்கு என்ன நடந்தது என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள், அம்மா கேட்டுக்கொண்டே இருப்பார். மகனின் விடயத்தில் பதில் சொல்ல எவரும் இல்லை, ஏனென்றால் எவரும் அவனைக் கொண்டுபோகவில்லை. 1993இல் ரொறொன்ரோவில் நடந்த மாநாடொன்றில் ஓட்டிசமுள்ள ஜிம் சின்கிளேயர் பெற்றோரை நோக்கி இதைத்தான் பேசினார். நீங்கள் அழுவது நீங்கள் எதிர்பார்த்த பிள்ளைக்காக. அதற்காக அழுங்கள், ஆனால் அதை எங்கள் தலையில் போடாதீர்கள், நாங்கள் இங்கேதான் இருக்கிறோம் என்பது அவர் பேச்சின் சாரம். முதல்முறை வாசித்தபோது எரிச்சல்தான் வந்தது. 'அம்மா' என்ற சொல்லைக் கேட்டுவிட்டு இழந்தவளிடம் எதையும் இழக்கவில்லை என்று சொன்னால் எப்படி? இன்றும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால், வீடியோ பார்ப்பதை நிறுத்தினேன். ஒரே நாளில் அல்ல. முதலில் கிழமையில் ஒருநாள் என்று குறைத்து, பிறகு எல்லாவற்றையும் கணவரின் பழைய மடிக்கணினிக்கு மாற்றிவிட்டேன். அதை எடுத்துத் திறக்கச் சோம்பல்.

சிகிச்சை பற்றிக் கேட்பீர்கள். தமிழில் வேலை செய்யும் பேச்சுச் சிகிச்சையாளர்கள் வடக்கிலும் கிழக்கிலும் மிகக் குறைவு. எங்களுக்கு ஆறு கிழமைக்கு ஒருமுறை அரை மணித்தியாலம் கிடைத்தது. எரிபொருள் இல்லாத மாதங்களில் அதுவும் இல்லை. அந்த நேரத்தில் எனக்கு நம்பிக்கை தந்தது ஓர் ஆய்வு. இந்தியாவின் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளிடம் செய்யப்பட்டு 2015இல் வெளிவந்தது. அங்கே பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் நிபுணர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்கள். ஆறு மாதத்தில் பன்னிரண்டு அமர்வுகள். பெற்றோர் பிள்ளைக்கு ஏற்றபடி பதிலளிக்கப் பழகினார்கள். பிள்ளைகள் தாங்களாகவே தொடர்பாடத் தொடங்குவது கூடியது. ஓட்டிசம் போகவில்லை, அப்படிப் போகப்போவதுமில்லை. ஆனால், எங்களைப்போன்ற வசதி குறைந்த இடத்திலும், தாய் தகப்பனை வைத்தே ஏதோ செய்யமுடியும் என்று அது காட்டியது.

எங்கள் சிகிச்சையாளர் சொல்லித்தந்ததும் அதே வகைதான். நான் அதுவரை கொப்பியும் பட அட்டையும் வைத்துக்கொண்டு "இது என்ன, சொல்லு, சொல்லு" என்று கொண்டிருந்தேன். மகன் சோடா மூடிகளை வரிசையாக அடுக்குவான். நான் அதைப் பறித்துவிட்டு அட்டையைக் காட்டுவேன். அவன் கத்துவான். சிகிச்சையாளர் என்னை நிலத்தில் இருக்கச் சொன்னார். அவனுக்குப் பக்கத்தில் அல்ல, எதிரே, முகம் தெரியும்படி. "அவர் அடுக்கட்டும். நீங்களும் ஒரு மூடி எடுத்துக் குடுங்கோ. ஒரு சொல் மட்டும் சொல்லுங்கோ. பிறகு வாயை மூடிக்கொண்டு பத்து எண்ணுங்கோ" என்றார். அந்தப் பத்து எண்ணுவதுதான் உலகத்திலேயே கடினமான வேலை. எங்களுக்கு மௌனம் ஆகாது, உடனே நிரப்பிவிடுவோம். நான்காவது நாள், ஏழு எண்ணும்போது, அவன் கையை நீட்டினான். முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டினான், அடுத்த மூடிக்காக.

எந்த மொழியில் கதைப்பது என்று பலர் குழம்புகிறார்கள். ஆங்கிலம்தான் அவனுக்கு வருகிறது, தமிழை விட்டுவிடுங்கள் என்று கனடாவிலிருந்து ஓர் உறவினர் சொன்னார். இரண்டு மொழி கேட்பதால் ஓட்டிசப் பிள்ளைகளின் பேச்சு பின்தங்குவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. அம்மம்மாவுக்குத் தெரியாத மொழியில் மட்டும் அவன் கதைத்தால் அவன் யாரோடு கதைப்பது? தமிழிலேயே நின்றோம்.

அதே உறவினர்தான் சென்னையில் குருத்தணுச் சிகிச்சை செய்தால் 'முழுசா மாறிவிடும்' என்ற விளம்பரத்தையும் அனுப்பினார். நகையை அடைவு வைக்கும் அளவுக்குப் போனேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஓட்டிசத்துக்குக் குருத்தணுச் சிகிச்சை பரிந்துரைக்கப்படவில்லை என்று இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையமே 2022 டிசெம்பரில் சொல்லிவிட்டது. உடலிலிருந்து உலோகங்களை அகற்றுவது, அழுத்த ஒட்சிசன் அறை, வெளிற்றும் இரசாயனம் கலந்த துளிகள் என்று இன்னும் பல சுற்றுகின்றன. சில ஆபத்தானவை, உயிரையே எடுக்கக்கூடியவை. 'பக்கவிளைவு இல்லை, நூறு வீதம் குணம்' என்று எவராவது சொன்னால் உங்கள் பணத்தை மடியில் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

தகப்பன்மார் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை, அவர்கள் கதைப்பதில்லை. என் கணவர் ஒரு மாதம் வீட்டுக்குப் பிந்தி வந்தார். பிறகு ஒருநாள் தன்பாட்டில் மகனைக் குளிக்கவார்க்கும் பொறுப்பை எடுத்தார். இன்றுவரை அது அவருடைய வேலை. அந்த அரை மணித்தியாலம் நான் ஒன்றும் செய்வதில்லை, வாசற்படியில் இருப்பேன். உதவி கேட்கும்போது 'பிள்ளையைப் பாருங்கோ' என்று பொதுவாகக் கேட்காமல், இந்த நேரம் இந்த வேலை என்று பிரித்துக் கேட்டால் கிடைக்கிறது. மாமியிடமும் இது பலித்தது.

என் நிலை கெட்டது வேறு விதமாக. நித்திரை போனது. மகன் கத்தும்போது என் கைகள் நடுங்கின. 2009இன் காட்சிகள் திரும்ப வந்தன. ஒரு நாள் இரண்டு பேரும் செத்துப்போனால் என்ன என்று தோன்றியது. அந்த எண்ணம் வந்த அன்றே வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போனேன், வெட்கப்பட்டுக்கொண்டுதான். யுத்தத்தின் காயம் தனியாளில் மட்டுமல்ல குடும்பத்திலும் ஊரிலும் இருக்கிறது, அது கூட்டு மனவடு என்று உளமருத்துவர் தயா சோமசுந்தரம் வருடக்கணக்காக எழுதிவருகிறார். அதைப் பற்றிச் செய்தி எழுதிய எனக்கே அது என் சமையலறையில் நின்றபோது அடையாளம் தெரியவில்லை. உங்களுக்கும் அப்படியான எண்ணம் வந்தால் பொறுத்துப் பார்க்காதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எடுக்கலாம், அருகிலுள்ள வைத்தியசாலைக்கு நேரே போகலாம். மருந்து எடுத்தேன். எட்டு மாதங்கள்.

வெளியே போவது இன்னொரு சோதனை. எங்கள் சனத்துக்கு இயலாமை என்றால் கண்ணுக்குத் தெரியவேண்டும். கால் இல்லாதவரைக் கண்டால் பஸ்ஸில் இடம் விடுவார்கள், ஜெய்ப்பூர் கால் பற்றி எல்லோருக்கும் தெரியும். ஓட்டிசம் வெளியே தெரியாது. ஆகவே, கத்துகிற பிள்ளை வளர்ப்புச் சரியில்லாத பிள்ளை. "அடிச்சு வளர்க்க வேணும்" என்று முன் சீட்டிலிருந்து ஒருவர் எனக்கே கேட்கும்படி சொன்னார். அன்றிலிருந்து மூன்று வசனங்களைப் பாடமாக்கி வைத்திருக்கிறேன்: "இவருக்கு ஓட்டிசம் இருக்கு. சத்தம் தாங்கமாட்டார். கொஞ்சம் இடம் விடுங்கோ, சரியாகிடும்." முதல் தரம் சொன்னபோது குரல் உடைந்தது. ஒருமுறை இதைக் கேட்டுவிட்டு, செயற்கைக் கால் போட்ட ஓர் அண்ணை யன்னல் கரைச் சீட்டை விட்டு எழும்பினார். நீங்கள் இருங்கோ அண்ணை என்றேன். "எனக்கு ஒரு காலிலதான் பிரச்சினை தங்கச்சி" என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டே வந்தார்.

பாடசாலை அனுமதிக்கு அலைந்த கதை நீளமானது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனங்களில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. இலங்கை 2016இல் ஐ.நாவின் இயலாமையுடையோர் உரிமைகள் சமவாயத்தையும் ஏற்றுறுதி செய்தது. "வேற இடம் பாருங்கோவன்" என்று ஓர் அதிபர் சிரித்துக்கொண்டே சொன்னபோது இரண்டும் என் பைக்குள் அச்செடுத்த தாளாக இருந்தன. எடுத்துக் காட்டவில்லை. தைரியம் வரவில்லை. இன்னொரு பாடசாலையின் தரம் 1 ஆசிரியை, "எனக்கு ஓட்டிசம் பற்றித் தெரியாது, நீங்கள் சொல்லித்தாங்கோ" என்றார். அங்கேதான் படிக்கிறான். தெரியாது என்று சொல்லும் ஆசிரியரைத் தேடுங்கள் என்று இப்போது மற்றப் பெற்றோருக்குச் சொல்கிறேன்.

எங்களுக்குப் பிறகு ஆர் பார்ப்பது என்ற கேள்வியை எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள். எங்கள் உறவினர்களில் பாதிப்பேர் வெளிநாட்டில், மீதிப்பேர் வயதானவர்கள். என்னிடம் பதில் இல்லை. அவன் தானாகச் சட்டை போடப் பழகிவிட்டான். பொத்தான் இன்னும் இல்லை.

விரல் காட்டுவதைப் பற்றி எழுதினேன் அல்லவா. 2022 கடைசியில், ஒரு மின்வெட்டு நேரம். அவனுக்குக் காற்றாடி சுற்றுவதைப் பார்க்கவேண்டும், நின்றால் அழுவான். அன்று காற்றாடி மெல்ல மெல்ல நின்றது. அவன் விரலை மேலே நீட்டினான். பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தான். நான்கு வயதும் ஐந்து மாதமும். நான் பத்து எண்ண மறந்துபோனேன். "கரண்ட் போட்டுது" என்றேன். "போட்டுது" என்றான்.

ஒரு விடயத்தில் நானும் அவனும் ஒன்று. கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தினால் இரண்டு பேரும் காதைப் பொத்துவோம். என் பயம்தான் அவனுக்குத் தொற்றியது என்று நீண்டகாலம் நினைத்திருந்தேன். ஓட்டிசமுள்ள பலருக்குச் சத்தமே உடல் வலிபோல இருக்கும் என்று பிறகுதான் அறிந்தேன். அவனுக்குச் சத்தம் சத்தமாகவே வலிக்கிறது. எனக்குச் சத்தத்துக்குப் பின்னால் வேறு ஏதோ வருகிறது. காரணம் வேறு, கை போகும் இடம் ஒன்று. போன வருடத் தேருக்கு முன்பு கட்டட வேலைக்காரர் போடும் காதுக் கவசம் ஒன்று அவனுக்கு வாங்கப் போனோம். கடைக்காரர் அவனுடைய அளவை எடுத்துக் கொடுத்துவிட்டு, "வேற என்ன?" என்று கேட்டார். கணவர் என்னைப் பார்த்துவிட்டு, "பெரிய அளவிலயும் ஒண்டு தாங்கோ" என்றார்.